மாந்தோப்பில் காய்ப்பு குறைகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

மாமரத்தில் கோளாறு என்றதும் எல்லோரும் கேட்பது "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் வேறு ஒன்றைக் கேட்க வேண்டும்: இது எந்த மாதத்தில் ஆரம்பித்தது? ஜனவரியில் பூ வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஆகஸ்டில் இருக்கும். மே மாதம் பழத்தை அறுத்தால் புழு நெளிகிறது என்றால், போன வருடம் மரத்தடியில் அழுகவிட்ட பழங்களில் இருந்து அது தொடங்கியிருக்கும். மாமரத்தில் தப்பு ஒரு மாதத்திலும் அறிகுறி வேறு மாதத்திலும் வரும். மருந்துக் கடையில் பணம் வீணாவது இதனால்தான்.

கீழே சொல்வதெல்லாம் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல், தேனிப் பக்கத்துத் தோப்புகளை மனதில் வைத்து. இங்கே மாமரத்தின் வருடம் சுமாராக இப்படிப் போகும்: ஜூலை, ஆகஸ்டில் அறுவடை முடிந்து புதுத் தளிர், செப்டம்பர், அக்டோபரில் மழையோடு உரம், நவம்பரில் இருந்து ஓய்வு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூ, மார்ச்சில் பிஞ்சு, ஏப்ரல் கடைசியில் தொடங்கி, கடைசியாக வரும் நீலம் ரகம் முடிகிற வரை அறுவடை. உங்கள் தோப்பில் இது பதினைந்து நாள் முன்பின் இருக்கலாம். அதைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மரம் பச்சைப் பசேல், பூவை மட்டும் காணோம்

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். தூரத்தில் நின்று மரத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிழக்கு, மேற்கு, உள்பக்கம், உச்சி என்று நாலைந்து இடத்தில் கிளை நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

நுனி இலை செம்பு நிறத்திலோ இளம்பச்சையிலோ துவண்டு தொங்கினால், மரம் சமீபத்தில்தான் தளிர் விட்டிருக்கிறது. மாமரம் முற்றிய கிளை நுனியில்தான் பூக்கும். அந்தக் கிளைக்கு ஆறு முதல் எட்டு மாதம் வயது இருந்தால் நல்லது. நவம்பர், டிசம்பரில் வந்த தளிர் ஜனவரியில் பூக்காது, என்ன அடித்தாலும் பூக்காது. ஏன் வந்தது என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுத்திருக்கலாம், அது நம் கையில் இல்லை. ஆனால் நவம்பரில் நீங்கள் தண்ணீர் கட்டியிருந்தாலோ, அக்டோபர் தாண்டி யூரியா போட்டிருந்தாலோ, மரத்துக்கு நடுவே ஊடுபயிர் வைத்து அதற்குப் பாய்ச்சியிருந்தாலோ காரணம் அங்கேதான். பூப்பதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே பாசனத்தை நிறுத்தி மரத்தைக் காயப்போட வேண்டும். பெரிய மரத்துக்கு இது தாங்கும். மூன்று, நான்கு வயதுக் கன்றுகளைக் காயப்போடாதீர்கள்.

நுனி இலை கரும்பச்சையாக, வளைத்தால் மொடமொடவென்று சத்தம் வருகிற மாதிரி இருந்து, மொட்டு பருத்தும் வெடிக்காமல் நிற்கிறதா? இங்கேதான் தெளிப்பு உதவும். பிப்ரவரி நடுவரை பார்த்துவிட்டு, அப்போதும் அசைவில்லை என்றால் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம், அல்லது யூரியா லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலை நன்றாக நனையும்படி தெளிக்கலாம். தூங்குகிற மொட்டை எழுப்பத்தான் இது. இளந்தளிர் மேல் அடித்தால் வேலை செய்யாது. பக்கத்துத் தோப்பில் அடித்தார்கள் என்று தன் தோப்புத் தளிரின் மேல் அடித்துவிட்டு மருந்தில் கலப்படம் என்று சொல்பவர்கள் உண்டு.

நுனியில் போன வருடத்துப் பூங்காம்பு காய்ந்த குச்சியாக அப்படியே நின்று, அதன் பிறகு புதுத் தளிரே இல்லை என்றால் மரம் களைத்துப் போயிருக்கிறது. போன வருடம் சுமை அதிகம், அறுவடைக்குப் பின் உரமும் இல்லை, கவாத்தும் (கிளை நுனிகளை வெட்டிவிடுவது) இல்லை. இந்த வருடத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அடுத்த அறுவடை முடிந்ததும், தள்ளிப்போடாமல், அந்தப் பழைய பூங்காம்புக்குக் கீழே நாலு முதல் ஆறு அங்குலம் விட்டு நுனியை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு, மூன்று தளிர் பிரியும். ஜூலை, ஆகஸ்டில் பிரிந்தால்தான் பூக்கும் காலத்துக்குள் முற்றும். செப்டம்பர் கடைசியில் வெட்டினால் மறுபடி முதல் சிக்கலுக்கே வந்து நிற்பீர்கள்.

நாலாவது, உச்சியில் மட்டும் பூ, உள்ளேயும் கீழேயும் ஒன்றுமில்லை. மரத்தடியில் நடுப்பகலில் நின்று அண்ணாந்து பாருங்கள். வானம் தெரியவில்லை என்றால் வெயில் இறங்கவில்லை. 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம் வைத்த பழைய தோப்புகளே முப்பது வருடத்தில் கிளையோடு கிளை உரசி நிற்கும். 5 மீட்டரில் ஏக்கருக்கு 160 வைத்த அடர் நடவில் ஆறு, ஏழு வருடத்திலேயே இது வந்துவிடும். நடுவில் செங்குத்தாக மேலே போகும் கிளைகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிடுங்கள். காய்க்கிற மரத்தில் அரிவாளை வைக்கவே பலருக்கு மனசு வராது. ஆனால் நிழலில் இருக்கும் கிளை மரத்தின் சாப்பாட்டைத் தின்னுமே தவிர காய்க்காது. வெட்டிய பெரிய காயங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசையோ தடவாமல் விடாதீர்கள். தண்டுத் துளைப்பான் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

அப்புறம் பேக்லோபியூட்ரசால், தளிர் வளர்ச்சியை அடக்கும் மருந்து. கல்டார் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும். பூ வரவைக்கும், சந்தேகமில்லை. இடைவிட்டுக் காய்க்கும் மரத்துக்குச் செப்டம்பர் முதல் பாதியில் 10 கிராம் மூலப்பொருள் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. கடையில் கிடைக்கும் திரவத்தில் அது சுமார் 40 மி.லி. 10 லிட்டர் தண்ணீரில் கலந்து, தண்டைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் பறித்து ஊற்ற வேண்டும், மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். சின்ன மரத்துக்கு அளவைக் குறைக்க வேண்டும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், இது மண்ணில் நாள்பட நிற்கும். வருடா வருடம் அதே அளவை ஊற்றிக்கொண்டே போனால் கணு நெருங்கி, இலை கொத்தாகி, பூங்கொத்து விரியாமல் உருண்டையாக நிற்கும். அதற்குள் காற்று புகாமல் நோய் தங்கும். அந்த அறிகுறியைக் கண்டால் ஊற்றுவதை நிறுத்துங்கள், நுனியை வெட்டிப் புதுத் தளிர் வரவையுங்கள், தொழுவுரம் தாராளமாகக் கொடுங்கள். தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர்கள், கேட்காமல் கல்டார் ஊற்றக்கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. குத்தகைக்காரருக்கு இந்த வருடத்துக் காய் போதும், மரம் உங்களுடையது.

ஒரு வருடம் கொட்டுகிறது, மறு வருடம் ஒன்றுமில்லை

இதில் பாதி ரகத்தின் குணம். நீலமும் பெங்களூராவும் வருடா வருடம் ஓரளவு காய்க்கும். அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம் பசந்த் எல்லாம் ஒரு வருடம் கொடுத்தால் மறு வருடம் சுணங்கும். மீதிப் பாதி, மேலே சொன்ன கவாத்தும் உரமும்தான். காய்ப்பு வருடத்தில், கோலி அளவில் இருக்கும்போதே நெருக்கமான கொத்துகளில் காயைக் கலைத்துவிட்டால் மறு வருடம் அவ்வளவு மோசமாக இருக்காது. யாரும் செய்வதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். புதிதாக நடுகிறவர்கள் நீலத்தின் வழி வந்த மல்லிகா, பையூர் 1 போன்ற ஒழுங்காகக் காய்க்கும் ரகங்களையும் தோப்பில் கொஞ்சம் கலந்து வைக்கலாம்.

பூ வந்தது, கருகிக் கொட்டிவிட்டது

இதற்கு நாலு காரணம் இருக்கிறது, நாலுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கும் பழக்கத்துக்குப் பதில் பத்து நிமிடம் பூவைப் பாருங்கள்.

காலையில் தோப்புக்குள் நடக்கும்போது இலையில் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று சத்தம் கேட்டு, முகத்தில் சின்னப் பூச்சிகள் வந்து மோதினால் தத்துப்பூச்சி. கோதுமை மணி அளவில் ஆப்பு வடிவத்தில் இருக்கும், பக்கவாட்டில் தாவும். பூங்காம்பில் சாற்றை உறிஞ்சுவதால் பூ வாடிக் கொட்டும். கீழ் இலையைத் தடவினால் பிசுபிசுக்கும். கொஞ்ச நாளில் அந்தத் தேன் போன்ற கழிவின் மேல் கரும்பூசணம் படர்ந்து இலையும் காயும் கரி பூசியது போல் ஆகிவிடும்.

பூக்காம்பு மேல் வெள்ளை மாவு தூவியது போல் இருந்தால் சாம்பல் நோய். இரவில் குளிரும் காலையில் பனியும் இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பூங்கொத்து வெறும் துடைப்பக் குச்சியாக நிற்கும்.

காம்பில் கறுப்புப் புள்ளி புள்ளியாக விழுந்து, அவை ஒன்று சேர்ந்து, பூ கருகினால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். பூ நேரத்தில் மழையோ மூடிய வானமோ இருந்திருக்கும். இலையில் பழுப்புப் புள்ளிகளும் தளிர் நுனிக் கருகலும் கூடவே தெரியும்.

மாவும் இல்லை, கறுப்புப் புள்ளியும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை, ஆனால் பூங்காம்பு தீய்ந்தது போல் பழுப்பாகிறது என்றால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துப் பூங்கொத்தைத் தட்டுங்கள். நூல் துண்டு போல மெல்லிய, மஞ்சளோ பழுப்போ ஆன பூச்சிகள் தாளில் ஊர்ந்தால் இலைப்பேன். வறண்ட, சூடான காலத்தில் பெருகும். பிஞ்சின் தோல் சொரசொரப்பாகச் சாம்பல் நிறமாவதும் இதன் வேலைதான். அந்தக் காயைச் சந்தையில் தள்ளி வைத்துவிடுவார்கள்.

மருந்து விஷயத்தில் நேரம்தான் முக்கியம். பூங்கொத்து மொட்டிலிருந்து வெளியே தலைகாட்டும்போது ஒரு தெளிப்பு, இரண்டு வாரம் கழித்துத் தேவைப்பட்டால் இன்னொன்று. தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் 17.8 சதம் லிட்டருக்கு 0.3 மி.லி., சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், ஆந்த்ராக்னோசுக்கு கார்பன்டசிம் லிட்டருக்கு 1 கிராம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. பூச்சி குறைவாக இருக்கும்போதே அடித்தால் பயன் உண்டு; பெருகிய பிறகு அதை மட்டும் நம்ப முடியாது. வேப்பெண்ணெயையும் கந்தகத்தையும் ஒன்றாகவோ அடுத்தடுத்த நாளிலோ அடித்தால் பூவும் இலையும் வெந்துபோகும். கந்தகத்தைக் கடும் வெயிலிலும் அடிக்காதீர்கள்.

பூ முழுவதும் விரிந்திருக்கும்போது எதையும் தெளிக்காதீர்கள். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள், கொஞ்சம் தேனீக்கள். அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று அடுத்த மருந்தைத் தேடுவது நம் ஊர்த் தோப்புகளில் சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்று, வருடம் முழுக்க ஒரே மருந்தை அடித்தால் தத்துப்பூச்சி பழகிவிடும். பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் செத்து இலைப்பேனும் மாவுப்பூச்சியும் தலை தூக்கும். பூ இல்லாத மாதங்களில் தத்துப்பூச்சி தண்டின் பட்டை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் என்பதால் தெளிக்கும்போது தண்டையும் நனைக்க வேண்டும்.

கரும்பூசணம் ஏற்கெனவே படர்ந்துவிட்டதா? 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, 20 லிட்டராக்கி இலை மேல் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து பசை ஏடாக உரியும்போது கருப்பும் சேர்ந்து உரிந்துவிடும். மேகமூட்டமான நாளில் செய்தால் பலன் இல்லை. தத்துப்பூச்சியை ஒழிக்காமல் செய்தால் பத்து நாளில் மறுபடி கருக்கும்.

பூ நன்றாக இருந்தது, ஆனால் பிஞ்சு கொட்டுகிறது

முதலில் கொஞ்சம் ஆறுதல். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரத்தையும் தாண்டிப் பூ இருக்கும். அதில் பெரும்பகுதி ஆண்பூ. கடைசியில் ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே அது நல்ல காய்ப்பு. எனவே கடுகு, பட்டாணி அளவில் கொட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. எந்த அளவில் கொட்டுகிறது என்பதுதான் கேள்வி.

பட்டாணி தாண்டிக் கோலி அளவில் கொத்தோடு கொட்டினால், தண்ணீரைப் பாருங்கள். பூ நேரத்தில் காயப்போட்ட மரத்துக்குப் பட்டாணி அளவில் தண்ணீரைத் திரும்பத் தொடங்க வேண்டும். தொடங்காமல் விட்டவர்களுக்கும் கொட்டும், காய்ந்து கிடந்த மண்ணில் ஒரே நாளில் வெள்ளமாகக் கட்டியவர்களுக்கும் கொட்டும். முதல் பாசனம் லேசாக, அடுத்தது கொஞ்சம் கூட, அப்புறம் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ஒழுங்காகப் போக வேண்டும். மானாவாரித் தோப்பு என்றால் மரத்தடியில் காய்ந்த சருகையோ வைக்கோலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல். மார்ச் வெயிலில் மூடாக்கைத் தூக்கிவிட்டுக் கீழே மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

தண்ணீர் சரியாக இருந்தும் கொட்டினால் என்.ஏ.ஏ. பயிர் ஊக்கி. கடையில் 4.5 சதத் திரவமாகக் கிடைக்கும், பிளானோபிக்ஸ் என்றால் கொடுப்பார்கள். 10 லிட்டருக்கு 4.5 மி.லி. போதும், அது சுமார் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு). பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது சாயங்காலம் தெளிக்க வேண்டும். கண்ணளவில் மூடியால் ஊற்றி அளவு கூடிவிட்டால் இதே மருந்து பிஞ்சை உதிர்த்துவிடும். ஒரு சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். கடுகு அளவில் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 20 கிராம் கொடுப்பதும் காய் நிற்க உதவும்.

எலுமிச்சை அளவைத் தாண்டிக் கொட்டினால் கீழே விழுந்ததில் பத்துக் காயை எடுத்து அறுத்துப் பாருங்கள். உள்ளே கொட்டையில் புழு இருந்தால் கொட்டை வண்டு, அதற்குக் கீழே தனியாக வருகிறேன். புழு இல்லை என்றால் வெயிலும் காற்றும். மேற்கு, தென்மேற்கு ஓரத்தில் காற்றுத் தடுப்பு மர வரிசை இல்லாத தோப்புகளில் ஏப்ரல், மே காற்று மழையில் விழுவதைத் தடுக்க வேறு வழி கிடையாது.

கோலி அளவில் கொத்துக் கொத்தாக நின்றுவிட்டது, பெருக்கவே இல்லை

பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு கொத்தில் பத்துப் பதினைந்து காய். ஒன்றை அறுத்துப் பாருங்கள்: விதை இருக்காது, அல்லது சருகாகியிருக்கும். மகரந்தம் சேராமல் பிடித்த காய் இது, கொஞ்ச நாளில் எல்லாமே உதிரும். காரணம் பூக்காலத்தில் கடும் குளிர், அல்லது விரிந்த பூவில் அடித்த பூச்சிமருந்து. நின்ற காயைப் பெருக்கவைக்க மருந்து இல்லை. அடுத்த வருடம் பூ விரியும் நேரத்தில் தெளிப்பானைக் கொட்டகையில் பூட்டி வையுங்கள். தோப்பு முழுக்க ஒரே ரகமாக இருந்தால் நடுநடுவே வேறு ரகத்தில் சில மரங்களாவது இருக்கட்டும். மரத்தடியில் மீன் கழிவை வைத்து ஈக்களை வரவழைப்பவர்களும் உண்டு. நாற்றத்தைத் தாங்க முடியுமானால் செய்யலாம்.

பழத்தை அறுத்தால் புழு

சதையில் புழுவா, கொட்டையில் புழுவா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு பூச்சி, வேறு மாதம்.

சதையில் வெள்ளைப் புழு நெளிந்து, சுற்றிலும் கூழாகியிருந்தால் பழ ஈ. பழத்தின் தோலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்; ஊசி குத்திய மாதிரி ஒரு சின்னப் புள்ளி, அதன் வாயில் காய்ந்த சாற்றுத் துளி. அதை அழுத்தினால் உள்ளே மெத்தென்று இருக்கும். முற்றிய காயில்தான் முட்டை இடும் என்பதால் தாமதமாகப் பறிக்கும் தோப்பிலும், கடைசியில் வரும் நீலத்திலும் அதிகம். புழு பழத்தில் இருந்து வெளியே வந்து மண்ணுக்குள் கூட்டுப்புழு ஆகும். அதனால் விழுந்த பழத்தை அப்படியே விடுவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். ஒன்று விடாமல் பொறுக்கி இரண்டடி ஆழக் குழியில் போட்டு மூடுங்கள். அறுவடைக்குப் பின் மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலிலும் பறவைகளிடமும் மாட்டும்.

அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்பே மெத்தில் யூஜினால் பொறியை ஏக்கருக்கு 4 வீதம் ஆள் உயரத்தில் நிழலான கிளையில் கட்டுங்கள். இது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். பொறி நிறைய ஈ விழுந்தது என்று சந்தோஷப்பட்டுப் பழம் பொறுக்குவதை விட்டுவிட்டால், ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்து கட்டினால்தான் முழுப் பலன்.

கொட்டையில் புழு அல்லது கறுப்பு வண்டு இருந்தால் மாங்கொட்டைக் கூன்வண்டு. வெளியே தழும்பே தெரியாது, ஏனென்றால் காய் கோலி, எலுமிச்சை அளவில் இருக்கும்போதே தோலில் முட்டை வைத்து, புழு துளைத்துக் கொட்டைக்குள் போனதும் காயம் ஆறிவிடும். மே மாதம் மருந்து அடிப்பது காற்றில் அடிப்பதுதான். வண்டு ஆகஸ்டு முதல் அடுத்த பூக்காலம் வரை தண்டின் பட்டை வெடிப்பில் பதுங்கியிருக்கும். பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து தண்டுக்குத் தெளிப்பது அப்போது. காய்க்குத் தெளிப்பது கோலி அளவில். மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவில் இது அதிகம். ஆலையிலோ வீட்டிலோ தின்று போட்ட கொட்டை தோப்போரம் குவிந்து கிடந்தால் அதை முதலில் அகற்றுங்கள்.

காய் சிறுத்துவிட்டது, ருசியும் இல்லை

இந்த இடத்தில் உரக் கணக்கு. ஆறு வயதுக்கு மேற்பட்ட மரம் ஒன்றுக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. மூட்டைக் கணக்கில் சொன்னால் யூரியா சுமார் 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ. பெரும்பாலான தோப்புகளில் யூரியா மட்டும் போகும், பொட்டாஷ் போகாது; இனிப்பும் நிறமும் எடையும் குறைய அது போதும். போடும் இடமும் தப்பாக இருக்கும். தண்டை ஒட்டிக் கொட்டினால் உறிஞ்சும் வேர் அங்கே இல்லை. தண்டிலிருந்து மூன்றடி தள்ளி, இலை நிழல் விழும் எல்லை வரை பரப்பிக் கொத்திவிட வேண்டும், செப்டம்பர், அக்டோபரில் ஈரம் இருக்கும்போது.

இலை சிறுத்து நுனியில் கொத்தாக இருந்தால் துத்தநாகக் குறை: சிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதில் பாதி சுண்ணாம்பு சேர்த்துத் தளிர் விரியும்போது தெளியுங்கள். காய்க்குள் பழுப்புத் திட்டும் வெற்றிடமும் இருந்தால் போரான் குறையைச் சந்தேகிக்கலாம். நுண்சத்துகளைத் தனித்தனியாகத் தேடி அலைய முடியாதவர்களுக்குப் பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மாம்பழ ஸ்பெஷல் கலவை இருக்கிறது, லிட்டருக்கு 5 கிராம்.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்து காய்ந்தால் அதைச் சத்துக்குறை என்று நினைத்து இன்னும் உரம் போடாதீர்கள். கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும், அல்லது மேலே சொன்ன பொட்டாஷில், அதாவது மியூரியேட் ஆப் பொட்டாஷில், உள்ள குளோரைடு தாங்கவில்லை. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதுவரை சல்பேட் ஆப் பொட்டாஷுக்கு மாறுங்கள், அதே சத்துக்கு 3 கிலோ. விலை கூடுதல்தான்.

அல்போன்சா வெளியே தங்கம், உள்ளே வெளிறிய பஞ்சு

கொட்டையைச் சுற்றிய சதை பழுக்காமல், புளித்து, பஞ்சு போல் இருக்கும். நோயோ பூச்சியோ இல்லை. முற்றும்போது கொட்டை முளைக்கத் தயாராவதால் சதை கெடுகிறது. தரையிலிருந்து எழும் வெப்பம் இதைக் கூட்டும். மரத்திலேயே அதிகம் முற்றவிடாமல் முக்கால் பதத்தில் பறித்து வெளியே பழுக்கவைத்தால் வெகுவாகக் குறையும். மூடாக்கு இங்கேயும் உதவும். இதற்கு மருந்துப் பட்டியல் நீட்டுபவர்களை நம்ப வேண்டாம்.

ஒரு பக்கக் கிளை மட்டும் காய்கிறது

தண்டைச் சுற்றி வந்து கீழே பாருங்கள். மரத்தூள் கொட்டிக் கிடந்தால் தண்டுத் துளைப்பான். தூள் வரும் துளையைக் கண்டுபிடித்து, சைக்கிள் ஸ்போக்கின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுத்தெடுங்கள். விரல் தடிமனுக்கு, மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். துளையைக் களிமண்ணால் அடைத்து ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள். புதுத் தூள் வந்திருந்தால் இன்னொரு புழு உள்ளே இருக்கிறது. காய்ந்த கிளையை அறுத்து எரித்துவிடுங்கள், தோப்பிலேயே விறகாக அடுக்கி வைக்காதீர்கள். தூளே இல்லாமல் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வந்தால் அது நுனிக் கருகல்: காய்ந்த பகுதிக்கு மூன்று அங்குலம் கீழே, பச்சை இருக்கும் இடத்தில் வெட்டிக் காப்பர் பசை தடவ வேண்டும்.

தோப்பில் நன்றாக இருந்தது, கூடையில் கறுத்துவிட்டது

காயின் தோளில் (காம்பை ஒட்டிய மேல்பகுதியில்) இருந்து கீழே வழிந்த மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் பால் பட்ட காயம். காம்பை ஒட்டிப் பிடுங்கினால் பால் பீறிட்டுத் தோலைச் சுடும். ஒரு அங்குலக் காம்போடு பறித்து, நிழலில் வைத்துக் காம்பைக் கிள்ளி, சல்லடை மேல் காயைத் தலைகீழாக ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள்.

பழுக்கப் பழுக்கக் கறுப்புப் புள்ளி பரவினால் பூவில் வந்த அதே ஆந்த்ராக்னோஸ். காயில் ஒளிந்திருந்துவிட்டுப் பழுக்கும்போது எழும். பறித்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி எடுத்தால் கட்டுப்படும். வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டைப் பார்த்துச் செய்யாதீர்கள், நாலு டிகிரி கூடினால் பழம் வெந்துவிடும்.

சுருங்கிப் பழுத்தால் பிஞ்சிலேயே பறித்திருக்கிறார்கள். தோள் இரண்டும் காம்பை விட மேலே எழுந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள், முற்றிய காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, அதை வைத்துப் பழுக்க வைத்தால் நிறம் வருமே தவிர ருசி வராது. எத்திலீன் வாயு அறையில் 100 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. கொஞ்சம் காய்தான் என்றால் வைக்கோலுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்பி, தினமும் ஒருமுறை புரட்டி, கெட்டதை எடுத்துக்கொண்டே வந்தால் போதும்.